ஆஸ்திரேலிய ஒயின் குடும்பங்களின் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் பழைய ஒயின் ஆலைகள் பலவும் ஒரு குடும்பக் கதையைக் கூடவே வைத்திருக்கும். கப்பலேறி வந்த தாத்தா, அவர் நட்ட முதல் கொடி, ஒரு வருடம், அவ்வளவுதான். அதை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள், ஏனென்றால் விட்டுப்போனவர்கள்தான் பல சமயம் வேலையைச் செய்தவர்கள்.

பென்ஃபோல்ட்ஸ் என்ற ஒயின் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கிறிஸ்டோபர் ராசன் பென்ஃபோல்ட் 1844-ல் இங்கிலாந்திலிருந்து வந்து, அடிலெய்டு பக்கத்தில் மகில் என்ற இடத்தில் நிலம் வாங்கி, நோயாளிகளுக்கு டானிக்காக ஒயின் தயாரித்தார் என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். சரி, டாக்டர் நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டால் தோட்டத்தை யார் பார்த்துக்கொண்டது? அவர் மனைவி மேரி. கொடிகள், வேலையாட்கள், கணக்கு, எந்த ஒயினை எதோடு கலப்பது என்பது வரை அவர் கையில்தான் இருந்தது. 1870-ல் கணவர் இறந்த பிறகு "விதவை தொழிலை ஏற்று நடத்தினார்" என்று எழுதுவதும் தவறுதான், ஏற்கனவே நடத்திக்கொண்டிருந்தவர் புதிதாக எதை ஏற்க வேண்டும்? 1884-ல் ஓய்வு பெறும்வரை அவர் விடவில்லை. 1880-களின் தொடக்கத்தில் தென் ஆஸ்திரேலியாவில் இருப்பிலிருந்த ஒயினில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது. அப்புறம், ஆண் வாரிசை மட்டும் தேடினால் இந்தக் குடும்பம் உங்கள் கண்ணிலிருந்தே மறைந்துவிடும். ஒரே மகள் ஜார்ஜினா, மருமகன் தாமஸ் ஹைலண்ட், பிள்ளைகள் பென்ஃபோல்ட் ஹைலண்ட் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பென்ஃபோல்ட் என்ற பெயர் மகள் வழியாகத்தான் தொடர்ந்தது.

குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்களையும் விடக்கூடாது. பென்ஃபோல்ட்ஸின் புகழ்பெற்ற கிரேஞ்ச் ஒயினை உருவாக்கிய மேக்ஸ் ஷூபர்ட் அங்கே எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். 1951-ல் சோதனையாகத் தொடங்கினார், 1957-ல் சிட்னி நகரிலிருந்த நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது, ஆனாலும் மூன்று வருடம் ரகசியமாகத் தயாரித்துக்கொண்டே இருந்தார், 1960-ல் நிர்வாகமே திரும்பவும் தயாரிக்கச் சொன்னது. இந்தப் பிடிவாதம் இல்லாமல் அந்தக் குடும்பப் பெயருக்கு இன்றைய மதிப்பு வந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

புட்டியில் குடும்பப் பெயர் இருந்தால் குடும்பமே இன்றும் நடத்துகிறது என்று நினைத்துவிட வேண்டாம். பென்ஃபோல்ட்ஸ் 1976-ல் டூத் என்ற பீர் நிறுவனத்தின் கைக்குப் போனது, இப்போது ட்ரெஷரி வைன் எஸ்டேட்ஸ் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. 1849-ல் சாமுவேல் ஸ்மித் தொடங்கிய யலும்பா ஒயின் நிறுவனம் மாறாக இன்னும் ஹில்-ஸ்மித் குடும்பத்திடமே இருக்கிறது.

வருடங்களைக் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. ஈடன் பள்ளத்தாக்கின் ஹென்ஷ்கி குடும்பத்து 'ஹில் ஆஃப் கிரேஸ்' ஒயினுக்கு மூன்று வயது உண்டு: கொடிகள் 1860 வாக்கில் வேறொருவர் நட்டவை, ஹென்ஷ்கிகளின் முதல் ஒயின் 1868, இந்தப் பெயரில் ஒயின் வந்தது 1958. எந்த வருடத்தைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள்.

ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகப் படிப்பதும் சரிவராது. 1938 அக்டோபர் 25 அன்று அடிலெய்டிலிருந்து மெல்போர்னுக்குப் போன கயீமா விமானம் டாண்டெனாங் மலையில் மோதி, அதிலிருந்த 18 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஹ்யூகோ கிராம்ப், டாம் ஹார்டி, சிட்னி ஹில் ஸ்மித் என்று மூன்று பெரிய ஒயின் நிறுவனங்களின் தலைவர்களும் இருந்தார்கள். ஒரே நாளில் மூன்று வீடுகளில் தலைமை மாறியது. யலும்பாவில் சிட்னியின் தம்பி விண்டாம் பொறுப்புக்கு வந்தார். ஒரு வீட்டின் கதையை மட்டும் படிப்பவருக்கு இது சொந்தத் துக்கமாக மட்டுமே தெரியும், ஆனால் அடிபட்டது தென் ஆஸ்திரேலியாவின் ஒயின் தொழில் முழுவதும்.

கடைசியாக, நீங்களே தேடப் போகிறீர்கள் என்றால் இன்றைய ஊர்ப்பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். தென் ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதியான பரோசாவின் ஜெர்மானியக் குடும்பங்கள் வைத்த பெயர்கள் பல முதல் உலகப் போரின்போது அரசால் மாற்றப்பட்டன. இன்றைய மரனங்கா அப்போது க்னாடன்ஃப்ரை (Gnadenfrei), கைசர்ஸ்டூல் மலை மவுண்ட் கிச்சனர் ஆனது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள், அப்படியே மனைவிமார், மகள்மார் பெயர்களையும்.