டச்பேட் வேலை செய்யவில்லையா? கடைக்குக் கொண்டுபோகும் முன் இதைப் பாருங்கள்

இரவு ஒன்பது மணி இருக்கும். அம்மாபேட்டையிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, கர்சர் நகரவே மாட்டேங்குது. காலையில ப்ராஜெக்ட் அனுப்பணும்." பின்னால் தறி ஓடும் சத்தம். வெளியே வந்து பேசச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது. வீடியோவின் சத்தத்தை அடைக்க எஃப்8-ஐ அழுத்தப் போனவன், பக்கத்தில் இருந்த எஃப்7-ஐ அழுத்தியிருக்கிறான். அவனுடைய ஏசர் லேப்டாப்பில் டச்பேடை நிறுத்தும் பொத்தான் அதுதான்.

அதனால் முதலில் கீபோர்டின் மேல் வரிசையைப் பாருங்கள். சின்னக் கட்டத்தில் விரலோ குறுக்குக் கோடோ போட்ட படம் எந்தப் பொத்தானில் இருக்கிறதோ, அதை எஃப்என் பொத்தானோடு சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் மாறும், படத்தை நம்புங்கள். சில பழைய எச்பி மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையில் ஒரு புள்ளி இருக்கும். அதை இரண்டு தடவை தட்டினால் போதும்.

அதிலும் வரவில்லையென்றால் செட்டிங்ஸ். மவுஸ் இல்லாமல் எப்படிப் போவது என்று பயப்பட வேண்டாம். விண்டோஸ் பொத்தானை மட்டும் தட்டி, 'டச்பேட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் கொடுங்கள். டேப் பொத்தானால் நகர்ந்து, ஸ்பேஸ் பாரால் ஆன் செய்யலாம். அங்கேயே, மவுஸ் செருகியிருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டுமா என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லாமல், வயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவர் பக்கவாட்டில் மறந்துபோய்க் கிடந்தால் டச்பேட் அசையாது. இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டிரைவர், அதாவது டச்பேடை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ், பிறகு எம். டிவைஸ் மேனேஜர் திறக்கும். 'மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழோ, 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' கீழோ டச்பேட் இருக்கும். அம்புக்குறிப் பொத்தான்களால் அதன் மேல் நின்று டெலீட் அழுத்தி, அன்இன்ஸ்டால் கொடுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று கேட்டால் டிக் செய்யாதீர்கள். பிறகு ரீஸ்டார்ட். விண்டோஸ் தானே அதைத் திரும்பக் கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும்.

கர்சர் நின்றுபோகாமல், தானாக ஆடினால் கதை வேறு. நான் இருப்பது ஏற்காட்டில். ஒரு மழைக்கால இரவில் ஜன்னலோர மேசையில் லேப்டாப்பைத் திறந்தபடி விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் பனிமூட்டம் அறைக்குள் வந்து, டச்பேடின் மேல் வியர்வை போலப் பொடிப்பொடியாக ஈரம். தொடாமலே அம்புக்குறி மூலைக்கு மூலை ஓடியது. டச்பேடின் அடியில் மெல்லிய மின்தடங்கள் வலைபோல ஓடுகின்றன. விரல் பட்டால் அங்கே மின்புலம் மாறும், அதைத்தான் அது தொடுதல் என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீரும் அதையே செய்யும். ஷட்டவுன் செய்து, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சில மணி நேரம் காய விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். மலைக் குளிரிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துப் புழுக்கத்துக்கு வந்தவுடன் லேப்டாப்பை ஆன் செய்யாமல், அரை மணி நேரமாவது பைக்குள்ளேயே இருக்க விடுங்கள்.

சார்ஜ் போடும்போது மட்டும் ஆடுகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், சந்தேகம் சார்ஜர் மேலும் பிளக்கின் எர்த் மேலும்தான்.

இந்த ஒன்றில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். டச்பேட் மேலே புடைத்திருந்தாலோ, அழுத்தினால் 'க்ளிக்' என்று உள்ளே போகாமல் கல்லாக இருந்தாலோ, அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நேராக சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், ஆன் செய்யும்போது, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போய் டச்பேட் 'எனேபிள்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் போக அழுத்த வேண்டியது பல மாடல்களில் எஃப்2, எச்பியில் எஃப்10. அங்கேயும் சரியாக இருந்தால், யூஎஸ்பி மவுஸை வைத்து அன்றைய வேலையை முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். டிரைவர், செட்டிங்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று, உள்ளே டச்பேடை இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.