விழாமல் இருக்க நடைப்பயிற்சி மட்டும் போதுமா? முதியோர் செய்யும் சில தவறுகள்

குளியலறையில் ஒரு முறை வழுக்கி விழுந்த பெரியவரை, மறுநாள் முதல் "நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பேசாமல் உட்காருங்கள்" என்று நாற்காலியில் அமர்த்திவிடுவது பல வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கும் தவறு. அந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உலகெங்கும் கீழே விழுவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் இறப்பதாகவும், அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆனால், உட்கார்ந்தே இருப்பவரின் தொடைத் தசைகள் வெகு விரைவில் மெலிகின்றன. எழவும் திரும்பவும் தடுமாறினால் சமாளிக்கவும் உதவும் தசைகள் அவைதான் என்பதால், முதல் முறை தற்செயலாக விழுந்தவர் அடுத்த முறை வலுவில்லாமல் விழுகிறார்.

இதற்கு நேரெதிரான தவறு, சுறுசுறுப்பானவர்கள் செய்வது. தினமும் காலையில் அரை மணி நேரம் 'வாக்கிங்' போகிறேன், எனக்கென்ன குறை என்று அவர்கள் நினைக்கிறார்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்பதில் ஐயமில்லை. எனினும் உடற்பயிற்சியும் விழுதலும் குறித்த 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு, சமநிலைப் பயிற்சிகள் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ கால் பங்கும், அவற்றுடன் தசை வலுப் பயிற்சியும் சேரும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைப்பதாகக் கண்டது. நடைப்பயிற்சி மட்டும் செய்வதற்கு அப்படிப்பட்ட தெளிவான சான்று கிடைக்கவில்லை. சற்று யோசித்தால் காரணம் விளங்கும். சமதளத்தில் நேராக நடக்கும்போது உடல் பெரிதாகத் தள்ளாட நேர்வதில்லை. யாரோ கூப்பிட்டதும் சட்டென்று திரும்பும்போதும், மேல் அலமாரியை எட்டும்போதும், வாசற்படியைக் கடக்கும்போதும், கழிப்பறையிலிருந்து எழும்போதும்தான் தள்ளாட்டம் வருகிறது. அதற்கு உடலைத் தனியாகப் பழக்க வேண்டும். அதனால்தான் 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலை, வலு இரண்டையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

இப்பயிற்சிகளுக்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்களைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடப்பது, குதிகால்களை உயர்த்தி நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவையே போதும். ஆனால் இங்கும் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் பிடிப்பு எதுவும் இன்றி அறையின் நடுவில் ஒற்றைக் காலில் நின்று பார்க்கிறார்கள். வேறு சிலர் மாதக்கணக்கில் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடியே செய்கிறார்கள். சற்றும் தள்ளாடாத உடலுக்குச் சமநிலை கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அசையாத சமையல் மேடையருகே நின்று, முதலில் இரு கைகள், பிறகு ஒரு கை, பின்னர் ஒரு விரல், கடைசியில் மேடை எட்டும் தூரத்தில் இருக்கக் கையை விட்டு என்று படிப்படியாகச் செல்வதே சரியான முறை. இலகுவான பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடிப்புக்கு நம்ப வேண்டாம், அது ஆளோடு சேர்ந்து சரியும். தேய்ந்த ரப்பர் செருப்பும் அப்படித்தான்.

இரண்டு மாதம் செய்துவிட்டு, கால் நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பயிற்சியை விட்டால் அதன் பயனும் மெல்லக் கரைந்துவிடும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, விழுந்ததையே மறைப்பது. பிள்ளைகள் வெளியே போகவிட மாட்டார்கள் என்று பயந்து பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. இரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவருக்குப் படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை கிறுகிறுத்தால், அதை எந்தப் பயிற்சியும் சரிசெய்யாது. மருத்துவர்தான் மருந்தையும் அளவையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடந்த ஓராண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ விழுந்தவர்களும், நினைவு தப்பி விழுந்தவர்களும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.