வேக்குவம் லீக்கைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர் போதும்

பெட்ரோல் கார் ஐடிலிங்கில் நடுங்கி, பானட்டுக்குள் ‘உஸ்’ என்று சத்தம் வந்தால், அது வேக்குவம் லீக்காக, அதாவது ஓட்டை வழியாக இன்ஜினுக்குள் காற்று புகுவதாக இருக்கலாம்; ஓடும் இன்ஜினில் வேக்குவம் ஹோஸ்களின் முனைகளிலும் இன்டேக் மேனிஃபோல்டு (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் பட்டை) ஓரத்திலும் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்ப்ரே செய்து பாருங்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு ஒரு நொடி அதை அடைக்கும். சத்தம் மாறும், ஆர்.பி.எம். முள் அசையும். குமிழிக்காகக் காத்திருக்க வேண்டாம், காற்று உள்ளேதான் போகிறது. கார்புரேட்டர் கிளீனர் அடிப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர் மேல் தண்ணீர் படக்கூடாது.

டீசலுக்கு இது சரிவராது. மேனிஃபோல்டுக்கு அடியில், ஸ்ப்ரே எட்டாத கசிவும் சிக்காது; அதற்கு ஒர்க்‌ஷாப்பில் புகை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.