திறந்த தரநிலைக்குப் பங்களிக்கிறீர்களா? ஒப்பந்தத்தை இந்த வரிசையில் படியுங்கள்

திறந்த தரநிலை என்பது யார் வேண்டுமானாலும் படித்துச் செயல்படுத்தக்கூடிய பொதுவான தொழில்நுட்ப விதிமுறை. மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்ப்பவரோ, திருப்பரங்குன்றம் பக்கம் இன்ஜினியரிங் படிப்பவரோ, அதற்கு முதல் திருத்தத்தை அனுப்பும்போது ஓர் ஒப்பந்தம் குறுக்கே வரும். படிக்காமல் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

1. எழுதியது யாருடையது?
பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(சி)-யின்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிதான் முதல் உரிமையாளர். ராத்திரி சொந்த லேப்டாப்பில் எழுதியது என்பது மட்டும் போதாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அறிவுசார் சொத்து பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். பிறகு மேனேஜருக்கு ஒரு மெயில்: எந்தத் திட்டம், எந்த ஒப்பந்தம், சொந்தப் பெயரிலா கம்பெனி பெயரிலா. டீக்கடையில் அவர் சொன்ன "சரிப்பா" பின்னால் உதவாது. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் இங்கே செல்லாது. அதை முன்கூட்டியே திட்டக்குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

2. டிசிஓவா, சிஎல்ஏவா?
டிசிஓ (பங்களிப்பவர் தரும் மூலச் சான்று) எளிது. 2004இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக வந்தது. "இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்ற உறுதிமொழி, அவ்வளவுதான். கிட் என்ற கோடு பராமரிப்புக் கருவியில் கமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தைப் பதியும்போது, கட்டளையில் சின்ன எஸ் (-s) சேர்க்க வேண்டும். அதுதான் உறுதிமொழி வரியைச் சேர்க்கும். பெரிய எஸ் (-S) மட்டும் போட்டால் அது ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பம். டிசிஓ சோதனை தேறாது. கமிட்டில் உள்ள மெயில் முகவரியும் உறுதிமொழி வரியில் உள்ளதும் வேறுபட்டாலும் பல திட்டங்களில் இதே கதிதான்.

சிஎல்ஏ என்பது பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம். அதில் பயன்படுத்தும் உரிமம் மட்டும் கேட்கிறார்களா, பதிப்புரிமையையே எழுதி வாங்குகிறார்களா என்று பாருங்கள். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையினுடையது உரிமம்தான். எழுதிக் கொடுப்பதென்றால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19 முக்கியம்: காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்ற சொற்களை அலங்காரம் என்று தாண்டாதீர்கள்.

3. பேட்டன்ட்
தரநிலையில் பெரிய சிக்கல் இங்கேதான். உங்கள் வரிகளை யாரும் நகலெடுக்கக்கூடத் தேவையில்லை. அதில் சொன்ன முறையைச் செயல்படுத்தினாலே பேட்டன்ட் குறுக்கிடலாம். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்காகவே ராயல்டி இல்லாத உரிமத்துக்கு உறுதி கேட்கிறது. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் கையெழுத்தே கிடையாது. குழுவுக்கு அனுப்பும் மெயிலே பங்களிப்பாகிவிடும். அதற்குப் பொருந்தும் பேட்டன்ட் உங்களிடமோ கம்பெனியிடமோ இருப்பது தெரிந்தால் வெளிப்படுத்தியாக வேண்டும்.

4. முடிவு யார் கையில்?
குழுவின் சாசனத்தில் தலைவர், முடிவெடுக்கும் முறை, மேல்முறையீடு மூன்றையும் பாருங்கள். ஐஇடிஎஃபில் வாக்கெடுப்பு இல்லை, தோராயமான ஒருமித்த கருத்துதான்.

ஒப்பந்த நகலைப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். வேலை மாறினால் பழைய கம்பெனி தன் ஊழியர்களுக்காகப் போட்ட சிஎல்ஏவின் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, புதிய இடத்தில் அனுமதி வாங்கிய பிறகு அடுத்த கமிட்டை அனுப்புங்கள்.