இணையத்தில் காணும் பௌத்தப் படங்களை எப்படிப் படிப்பது?

பௌத்தம் என்று இணையத்தில் தேடினால், கண்மூடிய சிலைகளும் காவி உடுத்த இளம் பிக்குகளும் பனிமலைச் சரிவில் நிற்கும் மடாலயங்களும்தான் பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. அவற்றில் எதுவும் பொய்ப்படமாக இல்லாமல் இருக்கலாம். ஆயினும், பௌத்தம் என்பது உலகைத் துறந்து மௌனத்தில் அமர்ந்த ஆண்களின் சமயம் என்று அவை ஒன்றுகூடி ஊட்டும் எண்ணம் தவறானது. படம் தனக்குரிய இடத்தையும் காலத்தையும் காரணத்தையும் இழக்கும்போதே இந்த ஒற்றைப் பிம்பம் உருவாகிறது. ஆகவே, பார்ப்பவர் இம்மூன்றையும் தேடிப்பிடித்துப் படத்தோடு மீண்டும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும்.

முதலில், படத்தில் இருப்பவர் யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ‘சிரிக்கும் புத்தர்’ என்று விற்கப்படும் தொந்தி பெருத்த உருவம் கௌதம புத்தருடையது அன்று. 10ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் வாழ்ந்தவராகச் சொல்லப்படும், வருங்காலப் புத்தராகக் கருதப்படும் மைத்ரேயரின் அவதாரமாகப் போற்றப்படும் பூதாய் என்னும் துறவியுடையது. அதேபோல, எலும்பும் நரம்பும் தெரிய அமர்ந்திருக்கும் காந்தாரச் சிற்பத்தைப் பௌத்தத் தவத்தின் அடையாளமாகப் பகிர்கிறார்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தச் சிற்பம் காட்டுவதோ, ஞானம் பெறுவதற்கு முன் சித்தார்த்தர் மேற்கொண்டு, பயனில்லை என்று கைவிட்ட கடும் நோன்பை.

அடுத்து, படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ தளத்தில் படத்தை ஏற்றி, அது முதலில் வெளியான பக்கத்தைத் தேடலாம். செம்பழுப்பு ஆடை அணிந்த பிக்குகள் உடல்களின் குவியலுக்கு நடுவே நிற்கும் ஒரு படம், மியன்மாரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதற்குச் சான்றாக 2012இல் பரவியது. உண்மையில் அது 2010 ஏப்ரலில் சீனாவின் யூஷு பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்குத் திபெத்தியத் துறவிகள் இறுதிக்கடன் செய்தபோது எடுக்கப்பட்டது.

காரணத்தைக் கண்டறிவது இன்னும் கடினமான வேலை. 1963 ஜூன் 11 அன்று வியட்நாமின் சைகோனில் திக் குவாங் டக் என்னும் பிக்கு தனக்குத் தானே தீ மூட்டிக்கொண்டு அமர்ந்திருந்ததை மால்கம் பிரௌன் எடுத்த படம், இன்று மனக்கட்டுப்பாட்டின் உச்சம் என்ற தலைப்புகளோடு சுற்றிவருகிறது. தென் வியட்நாமை ஆண்ட தியெம் அரசு பௌத்தர்களிடம் காட்டிய பாகுபாடும், அதற்கு முந்தைய மாதம் ஹுவே நகரில் பௌத்தக் கொடிக்குத் தடை விதித்ததை எதிர்த்தவர்கள் சுடப்பட்டதும் அந்தத் தலைப்புகளில் இல்லை. ஓர் அரசியல் எதிர்ப்பைத் தியான வித்தையாகச் சுருக்குவது இறந்தவருக்கு இழைக்கும் அநீதி.

மேற்கோள் எழுதிய படங்களை நூல்வழியே சோதிக்க வேண்டும். சூரியன், சந்திரன், உண்மை ஆகிய மூன்றையும் நீண்ட நாள் மறைக்க முடியாது என்று புத்தர் சொன்னதாகப் பகிர்கிறார்கள். பாலி மொழிப் பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் இருப்பது வேறு: ததாகதர் (புத்தர்) போதித்த தம்மமும் (போதனை) வினயமும் (துறவொழுக்க விதிகள்), சூரியனையும் சந்திரனையும் போல, வெளிப்படையாக ஒளிர்பவை என்பதே அங்குள்ள கருத்து. எந்தச் சுத்தத்தில் (‘சுத்த’ என்னும் பாலிப் போதனை உரை) உள்ளது என்று அதன் பெயரோ எண்ணோ குறிப்பிடாத மேற்கோளை, பழைய பௌத்த நூல்களைத் தொகுத்துத் தரும் சுத்தாசென்ட்ரல் தளத்தில் தேடிப் பார்க்கும்வரை நம்பாதீர்கள்.

சாந்தத்தின் பிம்பமும் வன்முறையின் பிம்பமும் ஒன்றையொன்று வளர்ப்பதை இங்கே நிதானமாகக் கவனிக்க வேண்டும். 2013இல் டைம் இதழ் முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசிவந்த மியன்மார் பிக்கு விராதுவின் முகத்தை அட்டையில் இட்டு, பௌத்த பயங்கரவாதத்தின் முகம் என்று தலைப்பு வைத்தது. அந்த அட்டை அதிர்ச்சி தந்ததற்கு, பிக்கு என்றால் சாந்தமானவர் என்று நாம் முன்பே நம்பியிருந்ததும் ஒரு காரணம். அதிர்ந்தவர்களில் சிலர், உண்மையான பௌத்தர் அப்படிச் செய்யமாட்டார் என்று மறுத்தார்கள். சிலர், இதுதான் பௌத்தத்தின் உண்மை முகம் என்று தீர்ப்பெழுதினார்கள். 2017இல் மியன்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்கள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்குத் தப்பியோட நேர்ந்ததை முதல் கூற்று மறைக்கிறது. அதே நாட்டுப் பிக்குகள் 2007இல் இராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கியதையும், 2017இல் அந்நாட்டுச் சங்கப் பேரவையே விராது ஓராண்டு உரையாற்றத் தடை விதித்ததையும் இரண்டாவது மறைக்கிறது. இவ்விரண்டில் ஒன்றை நோக்கி உங்கள் மனம் விரைந்தால், பகிர்வதை நிறுத்திவிட்டு, அதே நாட்டைப் பற்றிய வேறு இரண்டு செய்திகளையேனும் படியுங்கள்.

சட்டகத்துக்கு வெளியே நிற்பவர்களையும் தேட வேண்டும். தைவானில் பிக்குகளைவிடப் பிக்குணிகளே அதிகம்; ஜப்பானில் துறவிகள் மணம் செய்துகொள்வதற்கு 1872இலேயே அரசு தடை நீக்கியது; 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கரோடு பல லட்சம் மக்கள் பௌத்தத்தைத் தழுவினர். சாதியை மறுத்து எழுந்த அந்தப் பெருங்கூட்டத்தின் படம், பௌத்தம் பற்றிய எத்தனை கட்டுரைகளின் முகப்பில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கட்டுரைக்கோ பாடத்துக்கோ படம் தேர்வு செய்பவராக நீங்கள் இருந்தால், மன அழுத்தத்தைப் பற்றிய குறிப்புக்குப் புத்தர் தலையை அலங்காரமாக வைக்காதீர்கள். பிக்கு ஒருவரின் படத்தை இட்டால் ஒரு பிக்குணியின் படத்தையும், வேலைக்கும் வயலுக்கும் செல்லும் இல்லறத்தாரின் படத்தையும் சேர்த்து இடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நாடு, ஆண்டு, எந்தப் பௌத்தப் பிரிவு (தேரவாதமா மகாயானமா வஜ்ரயானமா அம்பேத்கர் வழிவந்த நவயானமா) என்ற விவரத்தை எழுதுங்கள். அதை எழுத முடியாத படத்தை விட்டுவிடுங்கள்.