பழைய கேம்பரில் மெல்லக் கசியும் புரொப்பேன்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்கள் அறிய வேண்டியவை

ஒன்ராறியோவில் முதற் கோடை பிறந்ததும், பழைய கேம்பர் (உள்ளே சமைத்து உறங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றை வாங்கிப் பிள்ளைகளோடு மாகாணப் பூங்காக்களில் தங்கி வரலாம் என்று பல குடும்பங்கள் விரும்புகின்றன. நல்ல விருப்பம்தான். ஆனால் பல வருடங்கள் தெருவில் குலுங்கி ஓடிய கேம்பர் என்றால், அதில் முதல் இரவு உறங்குவதற்கு முன்னரே புரொப்பேன் எரிவாயு இணைப்புகளைச் சோதித்துவிடுங்கள்.

ஊரில் சமையலறைச் சிலிண்டருக்கு ஒரு குழாயும் ஓர் அடுப்பும்தான். கசிந்தால் மூக்கே சொல்லிவிடும். கேம்பரிலோ அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஹீட்டர், வெந்நீர்த் தாங்கி ஆகியவற்றுக்குக் குழாய்கள் தரைக்கடியிலும் அலமாரிகளுக்குப் பின்னாலும் கண்ணில் படாமல் ஓடுகின்றன. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது என்பதால், கசியும் வாயு பிள்ளைகள் படுத்திருக்கும் தரைமட்டத்திலேயே தேங்குகிறது. காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 2 வீதத்தைத் தாண்டினாலே தீப்பொறி ஒன்று போதும். மெல்லிய வாடைக்கு மூக்கு விரைவில் பழகிவிடும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

கசிவைச் சோதிக்க, சிலிண்டருக்கும் ரப்பர் குழாய்க்கும் நடுவே திருகிப் பூட்டும் சிறிய அழுத்தமானி கடைகளில் கிடைக்கும். எல்லாச் சாதனங்களையும், பழைய அடுப்பிலும் வெந்நீர்த் தாங்கியிலும் எந்நேரமும் எரியும் சிறுசுடரையும் சேர்த்து, முற்றாக அணையுங்கள். பின்னர் சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் பொறுத்திருங்கள். குழாய்க்குள் அடைபட்டிருப்பது மிகக் கொஞ்ச வாயுவே என்பதால் சிறு கசிவுகூட முள்ளை இறக்கிக் காட்டிவிடும். வெயில் ஏறினாலும் இறங்கினாலும் அழுத்தம் மாறும் என்பதால், இதை நிழலில், வெப்பநிலை அதிகம் மாறாத வேளையில் செய்வதே சரி.

முள் இறங்கினால், வால்வை மீண்டும் திறந்து, சவர்க்கார நீரைத் தூரிகையால் ஒவ்வொரு பொருத்திலும் தடவிப் பாருங்கள். அமோனியா கலந்த சவர்க்காரம் பித்தளைப் பொருத்துகளில் கீறல் விழச் செய்யும் என்பதால் அதைத் தவிருங்கள். மெல்லிய கசிவு பெருங்குமிழியாக எழுவதில்லை. ஒரு நிமிடம் கழித்துக் கடுகளவு நுரையாகத்தான் கட்டும். ஆகவே ஒரு பொருத்தைப் பார்த்துவிட்டு உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். தீக்குச்சியை ஒருபோதும் அருகே கொண்டுபோகக் கூடாது.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், வெளிப்பக்கக் காற்றோட்டக் கதவைத் திறந்தால் தெரியும் செப்புக்குழாய்ப் பொருத்தை நான் முதலில் பார்ப்பேன். அங்கே குழாயின் விரிந்த வாய் பித்தளை மீது இறுகப் படிவதால்தான் வாயு அடைபடுகிறது. தெருவின் அதிர்வில் அந்த நட்டு தளர்ந்துபோகும். அதில் நாடா சுற்றுவதால் பயனில்லை. அடுத்ததாக, சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயை மெல்ல வளைத்து வெடிப்புகள் உள்ளனவா என்று பாருங்கள். ரெகுலேட்டரின் சிறு காற்றுத்துளையில் நுரை கட்டினால் உள்ளேயிருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அதைப் புதிதாகவே மாற்ற வேண்டும். குழாயை வெட்டுவதும் மாற்றுவதும் ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ. (TSSA) வழங்கும் சான்றிதழ் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளரின் வேலை.

தரையை ஒட்டிச் சுவரில் பொருத்தியிருக்கும் புரொப்பேன் அலாரத்தின் காலாவதித் திகதியையும் பாருங்கள். பெரும்பாலானவை ஐந்து முதல் ஏழு வருடங்களில் காலாவதியாகிவிடும். கார்பன் மொனொக்சைட் அலாரம் புரொப்பேனை உணராது என்பதால் இரண்டும் தேவை. அலாரம் ஒலித்தால் எந்த மின்சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, முடிந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, தூரத்தில் நின்று 911ஐ அழையுங்கள்.

கேம்பரோடு வரும் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் பொறித்துள்ள திகதியையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவில் பத்து வருடங்களுக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்யாத சிலிண்டரை நிரப்பக் கூடாது.