பெரிய சிலந்திப் புதைபடிவம்: நம்பும் முன் சோதிக்கும் முறை

உடல் மட்டுமே மூன்று அங்குலம் இருக்கும் சிலந்திக் கல்லை யாராவது காட்டினால், முதலில் வர வேண்டியது வியப்பு அல்ல, சந்தேகம். இதுவரை கிடைத்த சிலந்திப் புதைபடிவங்களில் மிகப் பெரியதாகக் கொள்ளப்படும் மங்கோலரக்னி ஜுராசிகாவின் பெண்ணுக்கே உடல் நீளம் ஏறத்தாழ 25 மி.மீ., முன்னங்கால் 56 மி.மீ.தான். சீனாவின் உள் மங்கோலியாவில், டாவோஹூகோவில், சுமார் 16.5 கோடி ஆண்டுப் பழைய படிவுகளில் கிடைத்து 2011இல் விவரிக்கப்பட்டது அது. ஆஸ்திரேலியாவின் மெக்ராத்ஸ் ஃபிளாட் என்ற புதைபடிவத் தளத்திலிருந்து 2023இல் அறிவிக்கப்பட்ட மெகாமோனோடோன்டியம் என்னும் சிலந்தியின் உடல் 23 மி.மீ. செய்திகளில் ‘ராட்சத’ பட்டம் பெற்ற இவை இரண்டின் உடலுமே கட்டைவிரலின் மேல்கணுவுக்குள் அடங்கிவிடும்.

இதைவிடப் பெரிதாக வந்த இரண்டு ‘சிலந்தி’கள் பிறகு வேறாகிப் போயின. அர்ஜென்டினாவில் கிடைத்த மெகாரக்னி 1980இல் அரை மீட்டர் கால்விரிப்பு கொண்ட சிலந்தி என்று அறிவிக்கப்பட்டது. இரண்டாவது மாதிரி கிடைத்ததும், 2005இல், அது நீர்வாழ் யூரிப்டெரிட், அதாவது கடல்தேள் எனப்படும் இனத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அது நேர்மையான பிழை. 2019இல் வந்த மங்கோலரக்னி சாயாங்கென்சிஸ் அப்படியல்ல. நன்னீரில் வாழும் இறால் இனமான கிரேஃபிஷின் சிதைந்த புதைபடிவத்துக்கு யாரோ வண்ணத்தால் கால் வரைந்திருந்தார்கள். அதே ஆண்டிலேயே குட்டு உடைந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இது சிலந்தியா? எல்லாமே கல்லில் இருந்தவையா?

தேவையானவை: 10 மடங்கு கைலென்ஸ் (10 முதல் 40 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கி இருந்தால் நல்லது), வெர்னியர் காலிபர், கழுத்து வளையும் மேசை விளக்கு, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், அதற்கான பாதுகாப்புக் கண்ணாடி, 70 விழுக்காடு எத்தனால், அசிட்டோன், பஞ்சுக் குச்சி. 395 நானோமீட்டர் டார்ச் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் ஊதா வெளிச்சமே மங்கலான ஒளிர்வை மூடிவிடும், வாங்க வேண்டாம்.

அளவும் எண்ணிக்கையும்

கல்லைக் கழுவாதீர்கள். வந்த நிலையிலேயே அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். உடல் நீளம் என்பது முன்னுடல் ஓட்டின் முன்விளிம்பிலிருந்து வயிற்றின் முனை வரை. தாடையும் காலும் அதில் சேராது. விற்பவர்கள் சொல்லும் ‘நீளம்’ பெரும்பாலும் கால்விரிப்புதான். வளைந்த காலை நேர்கோட்டில் அளந்தால் குறைத்துக் காட்டும், கணுக் கணுவாக அளந்து கூட்டுங்கள். கால்முனை கல்லுக்குள் இறங்கியிருந்தால் ‘குறைந்தது இவ்வளவு’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. பெரும்பாலான போலிகள் இங்கேயே விழுந்துவிடும். சிலந்திக்கு உடல் இரண்டு பகுதி, நடுவில் மெல்லிய இடுப்பு. நான்கு இணைக் கால்களும் முன்பகுதியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஒரு கால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது. இடுப்பே இல்லாமல் உடல் ஒரே உருண்டையாக இருந்தால் அறுவடைச் சிலந்தி எனப்படும் வேறு இனமாக இருக்கலாம். வயிறு முழுக்கக் குறுக்குத் தட்டுகள் இருந்தால் ட்ரைகோனோடார்பிட் எனப்படும் அழிந்த இனத்தையும் நினையுங்கள். ஆனால் மீசோதீலே என்னும் பழைய சிலந்திக் குலத்துக்கும் முதுகில் தட்டுகள் உண்டு, அவசரப்பட வேண்டாம். உணர்கொம்பு தெரிந்தால் அது சிலந்தியே அல்ல.

ஒவ்வொரு காலிலும் ஏழு கணு. உடலை ஒட்டிய முதல் இரண்டும் சிறியவை, மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் மறைந்திருக்கும். மீதி ஐந்தையும் வெளிநோக்கிப் பார்த்தால், நீளம், குட்டை, நீளம், நீளம், குட்டை என்று வருவதே வழக்கம். தூரிகை பிடித்தவர்களுக்கு இந்தத் தாளம் தெரியாது. சாயாங்கென்சிஸைக் கையில் வாங்கிப் பார்த்த புதைபடிவச் சிலந்தி ஆய்வாளர் பால் செல்டனுக்கு உறுத்தியதும் இதுபோன்றவைதான்: காலில் மிகுதியான கணுக்கள், இருக்க வேண்டிய சில உறுப்புகள் இல்லை, கண்கள் மிகப் பெரிது.

சாய்வொளியும் எத்தனாலும்

அறையை இருட்டாக்கி, விளக்கைக் கல்லின் தளத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாக, 15 பாகை அளவில் வையுங்கள். கல்லை மெதுவாகச் சுழற்றுங்கள். உண்மையான காலுக்கு ஒரு மேடோ பள்ளமோ இருக்கும், நிழல் விழும். வண்ணம் தட்டையாகக் கிடக்கும், கல்லின் சிறு குழிகளுக்குள் வழிந்து தேங்கியிருக்கும். விரிசல்களை விடாமல் பாருங்கள். கல்லோடு உடைந்த கால் விரிசலில் அறுந்து சற்றே விலகியிருக்கும். விரிசலை ஒட்டப் பூசிய ஒட்டுப்பூச்சின் மேலேயே கால் அறுபடாமல் ஓடினால், கால் ஒட்டுக்குப் பின் வந்தது.

களிமண் கலந்த படிவப்பாறையில் தண்ணீர் பட்டால் ஊறி உதிரும். அதனால்தான் எத்தனால். முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பழைய பூச்சு பிசுபிசுத்தால் அதோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் மேற்பரப்பு நனையும் அளவு விடுங்கள். நிறவேறுபாடு கூடி, கால்முடியும் நகமும்கூடத் தெரியவரும். ஒழுங்காக வரிசையிட்ட முடிகளைக் கையால் வரைந்து ஏமாற்றுவது மிகக் கடினம்.

புற ஊதா ஒளி

கண்ணாடி அணிந்து, ஐந்து நிமிடம் இருட்டில் கண்ணைப் பழக்கிய பின் டார்ச்சைப் போடுங்கள். எது ஒளிர்கிறது என்பதைவிட, எங்கே ஒளிர்வு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். சாயாங்கென்சிஸை ஒளிர்வு நுண்ணோக்கியில் வைத்தபோது தாய்ப்பாறை, ஒட்டுப்பூச்சு, கிரேஃபிஷ் உடல், வரைந்த கால் ஆகிய நான்கும் நான்கு விதமாகத் தெரிந்தன. பலரும் இங்கே தவறுவது, ஒளிர்ந்தாலே போலி என்று முடிவு கட்டுவதில்தான். பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் கிடைக்கும், சுமார் 2.25 கோடி ஆண்டுப் பழைய சிலந்திகள் தாமாகவே ஒளிர்பவை. உடலும் காலும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால் கவலை இல்லை.

அசிட்டோன் கடைசி ஆயுதம். உங்களுக்குச் சொந்தமான கல்லில் மட்டும், சன்னலைத் திறந்து வைத்து, தீ அருகில் இல்லாமல் செய்யுங்கள். பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, முதலில் வெற்றுப் பாறையிலும் பிறகு சந்தேகமான கால்முனையில் 2 மி.மீ. இடத்திலும் உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் உண்மையான கரிப்படலமும் உரிந்து வந்துவிடும். கால்முனையில் உருட்டியபோது மட்டும் பஞ்சில் சாயம் ஏறினால் அது வண்ணம். ஏறாவிட்டால் உண்மை என்று ஆகாது, எபாக்சிப் பசை அசிட்டோனில் கரையாது. அருங்காட்சியக மாதிரிகளை உறுதிப்படுத்தப் பூசும் பாராலாய்டு பி-72 என்னும் பிசின் கரைந்துவிடும் என்பதால் அங்கே இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் தாண்டிய கல்லுக்கு எதிர்ப்பாதி எங்கே என்று கேளுங்கள். படிவப்பாறை பிளக்கும்போது அச்சு பெரும்பாலும் இரு பக்கமும் பதியும். ஒரு பாதியில் மறைந்த தாடை மறுபாதியில் இருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்து ஒட்டாதீர்கள், தனித்தனியே மென்தாளில் சுற்றி ஒரே எண்ணைக் கொடுத்து வையுங்கள். எந்த இடம், எந்த அடுக்கு என்ற குறிப்பு இல்லாத கல்லை வைத்து ஆய்வாளர் புது இனத்தை நிலைநாட்டுவது கடினம், சிலந்தி எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.